உத்தரவு எங்கே என்று கேளுங்கள்

கடலூர் முதுநகரில் நண்பர்களோடு சேர்ந்து சின்னப் படிப்பகம் ஒன்றை நடத்தும் தம்பி கேட்டிருப்பது இது: "மாதக் கடைசி ஞாயிறு ஒரு நாவலைப் பற்றிக் கூட்டம் வைத்திருக்கிறோம். போன வாரம் நாலு பேர் வந்து, இது தடை செஞ்ச புக்கு, ரேக்கிலிருந்து எடுத்துடு, கூட்டமும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் போன் செய்து, எதுக்குத் தம்பி வம்பு, நடத்தமாட்டோம்னு எழுதிக் கொடுத்துடுங்க என்கிறார். இடம் கொடுத்தவரும் பயப்படுகிறார். அந்தப் புத்தகம் உண்மையிலேயே தடை செய்யப்பட்டதா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? ஒருத்தர் மனசு புண்படும் என்றால் விட்டுக்கொடுப்பதுதானே முறை என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?"

தம்பி, சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நாவலுக்குத் தடை கிடையாது. கூட்டத்தை நடத்துங்கள். எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். நாவலின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அது நல்ல புத்தகமா கெட்ட புத்தகமா என்று பேச்சு திரும்பிவிடும். அது இப்போது நம் கேள்வியே இல்லை.

இனி விரிவாகச் சொல்கிறேன். புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்களுக்கு வந்த மாதிரி ஆட்கள் எனக்கும் வந்திருக்கிறார்கள். அப்போது நான் செய்தது சரியில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் ஒரு புத்தகத்தைத் தடை செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 98ஆம் பிரிவு. அதற்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 95ஆம் பிரிவாக இருந்தது. சட்டம் அதைத் தடை என்று சொல்வதில்லை, பறிமுதல் என்கிறது. பிரிவினைவாதத்தைத் தூண்டுவது, மதம் சாதி மொழி அடிப்படையில் பகை மூட்டுவது, ஆபாசம், வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது என்று சில குற்றங்களைச் சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. ஒரு புத்தகத்தில் அப்படி ஏதேனும் இருப்பதாக மாநில அரசு கருதினால், அதன் பிரதிகள் அனைத்தும் பறிமுதல் என்று அறிவிக்கை வெளியிடலாம். அப்படிக் கருதுவதற்கு என்ன காரணம் என்பதை அந்த அறிவிக்கையிலேயே சொல்ல வேண்டும். அது அரசிதழில் வர வேண்டும். வந்த பிறகுதான் போலீஸ் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுக்கலாம். வெளியான இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து மனுப் போடலாம், மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்பார்கள். தமிழ்நாட்டுக்கும் சரி, எங்கள் புதுச்சேரிக்கும் சரி, அது சென்னை உயர் நீதிமன்றம்.

இதில் நாலு பேருக்கு எங்கே இடம் இருக்கிறது? ஸ்டேஷன் போனுக்கு எங்கே இடம் இருக்கிறது? ஆகவே, "தடை செஞ்ச புக்கு" என்று யாராவது சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "உத்தரவு எங்கே? எண்ணும் தேதியும் சொல்லுங்க." சண்டைக்குரலில் கேட்க வேண்டாம். ரேஷன் கடையில் பில் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேளுங்கள்.

தாளைக் கேட்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. பெரியார் இராமாயணத்தை விமர்சித்து எழுதியதன் இந்தி மொழிபெயர்ப்பை லலாய் சிங் யாதவ் என்பவர் வெளியிட்டார். உத்தரப் பிரதேச அரசு 1969-ல் அதைப் பறிமுதல் செய்தது. அவர் நீதிமன்றம் போனார். 1971-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அரசு விடாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1976-ல் அங்கேயும் தோற்றது. தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். அரசு எந்தக் காரணத்தால் அந்த முடிவுக்கு வந்தது என்பது உத்தரவில் இல்லை, அதனால் உத்தரவு நிற்காது என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஒரு மாநில அரசே காரணத்தை எழுதாமல் ஒரு புத்தகத்தைத் தொட முடியாது என்றால், பெயர்கூடச் சொல்லாமல் வந்துபோன நாலு பேர் எப்படித் தொட முடியும்?

இன்னொன்றையும் பாருங்கள். சல்மான் ருஷ்டியின் நாவல் ஒன்றை இந்தியாவுக்குள் கொண்டுவரக்கூடாது என்று 1988-ல் சுங்கச் சட்டத்தின் கீழ் உத்தரவு போட்டதாக நாமெல்லாம் நம்பிக்கொண்டிருந்தோம். அதை எதிர்த்து ஒரு வாசகர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த அறிவிக்கையின் நகலை எந்த அரசு அலுவலகத்தாலும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முப்பத்தாறு வருஷம் ஒரு நாடே பணிந்து நடந்த உத்தரவு, கேட்டபோது கையில் இல்லை.

தாள் இருந்தாலும் கதை அத்தோடு முடிந்துவிடாது. சிவாஜியைப் பற்றி ஜேம்ஸ் லேன் எழுதிய ஆய்வு நூலை மகாராஷ்டிர அரசு 2004-ல் பறிமுதல் செய்தது. எதிர்த்து வழக்குப் போட்டது ஆசிரியரோ பதிப்பாளரோ இல்லை. ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் உள்ளிட்ட சிலர், படிக்கும் உரிமை பறிபோகிறதே என்று போனவர்கள். 2007-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2010-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாசகனுக்கும் இதில் வழக்காடும் பாத்தியதை உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். மறுபக்கம், 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் இதே 98ஆம் பிரிவைக் காட்டி ஒரே அறிவிக்கையில் 25 புத்தகங்களைப் பறிமுதல் என்று அறிவித்தார்கள். அதிகாரம் எவ்வளவு தூரம் நீளும் என்பதையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இப்போது நம் இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு கதை. பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் வாசகனின் பக்கத்திலிருந்து அதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

1908-ல் சென்னையில் பாரதி எழுதி நடத்திய 'இந்தியா' பத்திரிகைமேல் வழக்கு வந்தது. சட்டப்படி ஆசிரியர் என்று பெயர் போட்டிருந்த சீனிவாசனுக்கு ஐந்து வருஷம் சிறை. பாரதி புதுச்சேரிக்கு வந்துவிட்டார். பத்திரிகையும் பின்னாலேயே வந்து, அந்த வருஷம் அக்டோபரிலிருந்து இங்கே அச்சானது. ஏன் இங்கே? பிரெஞ்சுக்காரர் தங்கள் நாட்டில் 1881 ஜூலை 29-ல் இயற்றிய பத்திரிகைச் சுதந்திரச் சட்டம், காலனிகளுக்கும் பொருந்தும் என்று தன் 69ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் சிறைக்கு அனுப்பும் எழுத்தை இந்த எல்லைக்குள் அச்சுக்கோக்கலாம். மாற்றி மாற்றி எல்லைக்கோடு ஓடும் ஊர் இது. ஒரு தெரு பிரெஞ்சு, பக்கத்து வயல் பிரிட்டிஷ் என்று இருந்த காலம்.

அப்படியும் பத்திரிகை 1910 மார்ச்சோடு நின்றுபோனது. அச்சகத்தை யாரும் உடைக்கவில்லை. பாரதியின் கையையும் யாரும் பிடிக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பத்திரிகை நுழையக்கூடாது என்று தபாலில் மடக்கினார்கள், அவ்வளவுதான். சந்தாதாரர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். வாசகனைப் பிரித்துவிட்டால் பத்திரிகை தானே மூச்சடங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி இருந்த வீட்டை இன்றைக்கு நினைவகமாக வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: இங்கே எழுத முழுச் சுதந்திரம் இருந்தது, அதைப் படிக்க வேண்டியவனுக்கு இல்லை, அதனால் இரண்டுமே இல்லாமல் போனது.

1911-ல் அவருடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டையும் சென்னை அரசு தடை செய்தது. 1918 நவம்பரில் பாரதி எல்லை தாண்டியதும் உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் பிடித்தார்கள். டிசம்பர் பாதிவரை கடலூர்ச் சிறையில் இருந்தார். 1921-ல் இறந்தும் போனார். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. 1928-ல் பர்மா அரசு அவருடைய தேசியப் பாடல்களைத் தடை செய்ய, சென்னை அரசும் அதைப் பின்பற்றிப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. இறந்து ஏழு வருஷமான கவிஞரின் பாட்டுப் புத்தகத்தைத் தேடிப் போலீஸ் போனது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து நின்று கேள்வி கேட்டார், பெரிய விவாதம் நடந்தது. அந்தப் பாட்டைத்தான் நீங்களும் நானும் பள்ளிப் பிரார்த்தனையில் பாடி வளர்ந்தோம்.

சுதந்திரம் வந்த பிறகும் எல்லையில் மடக்கும் பழக்கம் போகவில்லை. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று நம் அரசு தடை போட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது. கருத்துச் சுதந்திரம் என்றால் பிறரிடம் கொண்டுசேர்க்கும் சுதந்திரமும் சேர்ந்ததுதான், பரவ வழியில்லாமல் வெளியிட்டு என்ன பயன் என்று நீதிமன்றம் சொன்னது. 'இந்தியா' நின்று நாற்பது வருஷம் கழித்து, அதே சென்னை அரசு தோற்ற வழக்கில் வந்த வரி அது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் பாரதி ஞாபகம்தான் வரும். மறு வருஷமே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கு என்ற காரணத்தையும் கட்டுப்பாடுகளில் சேர்த்தார்கள். கதவு முழுசாகத் திறந்திருந்த காலம் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

அடுத்து, புலவர் குழந்தையின் 'இராவண காவியம்'. 1946-ல் வந்த நூலை 1948-ல் காங்கிரஸ் அரசு தடை செய்தது. 1971-ல் தி.மு.க. அரசு தடையை நீக்கியது. இருபத்து மூன்று வருஷம் தமிழன் ஒரு தமிழ்க் காவியத்தைச் சட்டப்படி வாங்கிப் படிக்க முடியவில்லை. அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்துக்கு ஒரு தாள் இருந்தது. தாள் இருந்ததால் அதை எதிர்த்துப் பேச முடிந்தது, ஆட்சி மாறியதும் இன்னொரு தாளால் அடிக்க முடிந்தது. தாளே இல்லாமல் ரேக்கிலிருந்து மறைகிற புத்தகத்தை யார் எப்போது விடுவிப்பது? உத்தரவு போட்ட தடைகளைவிட எனக்கு இந்த இரண்டாவது வகைதான் பயம். ஏனென்றால் அதை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. ஒரு மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். எங்கள் சமூகத்தைக் கேவலமாக எழுதியிருக்கிறது என்று ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். யாரும் படித்திருக்கவில்லை. சாயங்காலம் மேலிடத்திலிருந்து போன் வந்தது. "அந்தப் புக்கைக் கொஞ்ச நாளைக்கு உள்ள வச்சிடுங்க சார், ஆறட்டும்." கடிதம் அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எடுத்துக்கொண்டுபோய் என் அறையில் இருந்த பச்சை பீரோவில், பழைய ரசீதுக் கட்டுகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

எங்கள் நூலகத்துக்குத் தினமும் ஒரு பெரியவர் வருவார். மில்லில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைவிரலில் பஞ்சு தின்ற தழும்பு இருக்கும். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரை படிப்பார், அப்புறம் ஒரு கதைப் புத்தகம் எடுத்துக்கொண்டு போவார். அந்தப் புத்தகத்தைப் பாதி படித்துத் திருப்பிக் கொடுத்திருந்தார், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததால். மீதியைப் படிக்கத் திரும்பக் கேட்டார். வெளியே போயிருக்கு ஐயா என்றேன். பத்து நாள் கழித்து மறுபடி கேட்டார். இன்னும் வரலை என்றேன். மூன்றாவது தடவை அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரிங்க, வந்தா ஒரு ஓரமா எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். அதற்குக் காரணம் வயதோ, வேறு என்னவோ. நான் விசாரிக்கவில்லை.

பல வருஷம் கழித்து ஸ்டாக் வெரிஃபிகேஷன் செய்யும்போது, அக்செஷன் ரெஜிஸ்டரில் எண் இருக்கிறது, ரேக்கில் புத்தகம் இல்லை என்று பையன் வந்து நின்றான். பீரோவைத் திறந்தேன். அட்டையைச் செல் அரித்திருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒட்டிய டேட் ஸ்லிப்பில் ஊதா மையில் வரிசையாகத் தேதிகள். மாதத்துக்கு ஒன்று, இரண்டு. கடைசித் தேதி அந்தப் பெரியவர் எடுத்துப்போனது. அதற்குக் கீழே முக்கால் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. அந்தப் புத்தகத்துக்கு எந்த அரசும் தடை போட்டதில்லை. அன்றைக்கு வந்த மூன்று பேரும் அதற்குப் பிறகு ஒரு நாளும் திரும்பி வரவில்லை. ஆறட்டும் என்று சொன்னவர் மாற்றலாகிப் போய்விட்டார். பூட்டியது நான், சாவியும் என்னிடம். எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்று எனக்கு மட்டும் தோன்றவே இல்லை.

படிக்கும் உரிமை என்று நான் சொல்லும்போது அந்தப் பெரியவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ரோமன் ரோலந்து நூலகம் 1827-ல் எங்கள் ஊரில் தொடங்கியபோது ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான், பிறகுதான் மற்றவர்களுக்கும் கதவு திறந்தது என்பார்கள். அப்படித் திறந்துவிட்ட கதவுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு மில் தொழிலாளியிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

இந்த இரண்டாவது வகைக்கு இன்னும் பல முகம் உண்டு. நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்கு வாங்கும் உத்தரவு, கிடைக்காது என்று பதிப்பாளர் ஓர் அத்தியாயத்தை எடுக்கச் சொல்வது. பாடத்திட்டத்திலிருந்து ஓசைப்படாமல் தூக்குவது: 2020-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருந்ததி ராயின் நூலை எடுத்தது, 2021-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் நம் எழுத்தாளர்கள் பாமா, சுகிர்தராணி இருவரின் எழுத்தையும் எடுத்தது. எல்லாவற்றையும் இங்கே விரித்தால் கூட்டத் தேதி வந்துவிடும்.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது பெருமாள்முருகன் வழக்கு. அவருடைய நாவல் 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. நாலு வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பி, புத்தகத்தை எரித்து, கடையடைப்பு வரை போனது. 2015 ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல்லில் வருவாய்த் துறை அதிகாரி முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'. நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதி வாங்கினார்கள். அதன் பிறகுதான் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச) வழக்குப் போட்டது. 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் அமர்வு தீர்ப்புச் சொன்னது: அந்தப் பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கியது யாரையும் கட்டுப்படுத்தாது. புத்தகம் பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எழுத்தாளர் தமக்கு நன்றாக வரும் வேலைக்குத் திரும்பட்டும், எழுதட்டும்.

அந்த 'எழுதி வாங்குவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களிடம் போனில் கேட்டதும் அதுதான். அரசு எழுத வேண்டிய தாளை நம் கையால் எழுதவைப்பது. அதனால் அரசுக்குக் காரணம் சொல்லும் வேலை இல்லை, அரசிதழ் இல்லை, மூன்று நீதிபதிகள் இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால், "நாங்க தடுக்கலையே, அவங்களா நிறுத்திக்கிட்டாங்க" என்று உங்கள் கையெழுத்தையே காட்டுவார்கள். போன் செய்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தன் சரகத்தில் ஒரு தொல்லை குறைந்தால் போதும் என்பது அவர் கவலை. ஆனால் கூட்டத்துக்கு வந்து கலாட்டா செய்வோம் என்று ஒருவன் மிரட்டினால், அவனைத் தடுப்பதுதான் அரசின் கடமை, பேசுகிறவன் வாயை மூடுவது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே, 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில், சொல்லிவிட்டது. ஆபத்து எங்கோ தூரத்தில் ஊகமாக இருந்தால் போதாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி மாதிரி எழுத்துக்கும் விபரீதத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

அந்த அளவுகோல் எனக்கும் சம்மதம். எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று வாதாட நான் வரவில்லை. இன்ன தெருக்காரனை வெட்டு, இன்ன ஊர்க் குடிசையைக் கொளுத்து என்று நோட்டீஸ் போட்டால் அது கருத்து இல்லை, குற்றத்தின் முதல் படி. குழந்தைகளை வைத்து அசிங்கம் செய்கிறவனுக்கும் இதில் இடம் கிடையாது. ஆனால் நாவலில் ஒரு பாத்திரம் என் முன்னோரைப் பற்றி நான் விரும்பாத ஒன்றைச் சொல்வது அந்தக் கணக்கில் சேராது.

இப்போது உங்கள் அப்பாவுக்கு. அவர் கேட்பது நியாயமான கேள்வி, அவரிடம் சட்டப் பிரிவு எண்ணெல்லாம் சொல்லாதீர்கள். மனசு புண்படுவது பொய்யில்லை. நம் ஊரிலேயே அதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது, அவருக்கும் தெரிந்திருக்கும். 1867-ல் வடலூர் வள்ளலாரின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சாயின. ஆறுமுக நாவலருக்கு அந்தப் பெயரே பொறுக்கவில்லை. தேவார திருவாசகத்துக்கே உரிய சொல்லை இன்னொருவர் பாட்டுக்கு வைப்பதா என்று அவர் மனம் உண்மையாகவே புண்பட்டது. சைவத்துக்கே உயிரைக் கொடுத்த மனிதர் அவர். என்ன செய்தார்? எதிர்த்து எழுதினார். இந்தப் பக்கத்தார் அதை மறுத்து எழுதினார்கள். 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. ஆனால் அது சிதம்பரத்தில் பேசிய பேச்சுக்காக நாவலர் போட்ட மானநஷ்ட வழக்கு, பாட்டை அச்சடிக்காதே என்று தடை கேட்டதல்ல. வள்ளலாரும் நாவலரும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. அடுத்த தலைமுறையில் கதிரைவேற்பிள்ளை அது அருட்பா இல்லை, மருட்பா, மயக்கும் பாட்டு என்று முழங்க, மறைமலையடிகள் அருட்பாவின் பக்கம் நின்றார். நாஞ்சில் நாட்டிலிருந்து செய்குத்தம்பிப் பாவலர், ஒரு இஸ்லாமியப் புலவர், வள்ளலார் பாட்டு அருட்பாதான் என்று மேடை மேடையாகப் பேசினார்.

அந்தக் கண்டன நூல்களில் வசவுக்குக் குறைவில்லை. சில தலைப்புகளை வாய்விட்டுப் படிக்கக் கூசும். ஆனாலும் ஒரு பக்கம் எழுதியதை இன்னொரு பக்கம் படித்தது, படித்துவிட்டுத்தான் திட்டியது. இன்றைக்கு வடலூரில் அருட்பா ஒலிக்கிறது. நாவலர் பதிப்பித்த நூல்களைச் சைவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். இரண்டு தரப்புக் கண்டனங்களும் தொகுப்பாகக் கடையில் கிடைக்கின்றன. யார் சொன்னது சரி என்று உங்கள் அப்பா தானே படித்து முடிவு செய்யலாம். அன்றைக்கே ஒரு கலெக்டர் நடுவில் வந்து ஒரு பக்கத்தைப் பூட்டியிருந்தால் அவருக்கு அந்த வாய்ப்பு இருந்திருக்காது. புதுமைப்பித்தன் பிறந்தது உங்கள் திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். யார் மனமும் நோகாமல் எழுத வேண்டும் என்று அந்த இருவருக்கும் நிபந்தனை போட்டிருந்தால் தமிழில் எத்தனை கதை மிஞ்சியிருக்கும் என்றும் அவரைக் கேட்டுப் பாருங்கள். 1966-ல் விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது வீட்டுக்கு வீடு நடந்த சண்டை அவர் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கடைசியாக, நீங்கள் செய்ய வேண்டியது. வந்த நாலு பேரும் என்ன சொன்னார்கள், எந்தத் தேதி, எத்தனை மணி, யார் யார் இருந்தீர்கள் என்று இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாள் போனால் மறந்துவிடும். அவர்கள் திரும்ப வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "உங்க ஆட்சேபணையை எழுதிக் கொடுங்க, எந்தப் பக்கம், எந்த வரின்னு குறிச்சுக் கொடுங்க. கூட்டத்துல அதையும் வாசிக்கிறோம்" என்று சொல்லுங்கள். புத்தகத்தின் ஒரு பிரதியையும் படிக்கக் கொடுங்கள். வந்தவர்களில் ஒருவராவது வாங்கிக்கொண்டு போவார். மனம் உண்மையாகவே நொந்தவர் என்றால் அவர் பேசவும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள், அது அவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

ஸ்டேஷனுக்கு நீங்களே போங்கள், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. நடத்தமாட்டோம் என்ற கடிதத்துக்குப் பதில், மிரட்டல் வந்திருக்கிறது, பாதுகாப்பு வேண்டும் என்று மனு கொடுங்கள். மனு பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். தர மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். ஊரில் கூட்டம் கூடத் தடை உத்தரவு அமலில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். பழைய சட்டத்தில் 144ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 163. அதற்கும் தாள் உண்டு, தேதி உண்டு, முடிவு நாள் உண்டு. தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டால் தனியாகப் போக வேண்டாம், ஒரு வழக்கறிஞரோடு போங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

இடம் கொடுத்தவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவருக்குக் கடை இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள். மனுவின் நகலையும் ரசீதையும் அவர் கையில் கொடுங்கள். தாளைப் பார்த்தால் அவருக்கும் தெம்பு வரும். அப்படியும் தயங்கினால் உங்கள் படிப்பகத்திலேயே பாய் விரித்து நடத்துங்கள். இருபது பேருக்கு என்ன பெரிய இடம் வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். காலையில் கன்னியக்கோயில் வழியாகப் போகும் கடலூர் பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்குள் முதுநகர் வந்துவிடலாம். அந்தப் பெரியவர் பாதியில் விட்ட புத்தகத்தில் ஒரு பிரதியைப் பிற்பாடு என் காசில் வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுவருகிறேன். உங்கள் ரெஜிஸ்டரில் எண் போட்டு, டேட் ஸ்லிப் ஒட்டி, ரேக்கில் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் வையுங்கள்.